எபியிடம் சொல்ல வேண்டியது

எபி, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும் என்று ஆரம்பிக்கக் கூடாது. அப்படி ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை வருவதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருஷத்தில் நான் அவனிடம் ஒரு தடவைகூடப் பேசணும் என்று சொன்னதில்லை, பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். பேசணும் என்று சொல்கிறவர்கள் சூப்பர்வைசர்கள், வீட்டுக்காரர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நம்மைத் தனியாக ஓரமாகக் கூப்பிடுகிற டாக்டர்கள். ரயில் அம்பத்தூரை விட்டு நகர்ந்துவிட்டது. பதினொன்று இருபது லோக்கல், இந்த நேரத்தில் கூட்டம் கிடையாது, பெட்டிக்குப் பத்துப் பேர். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், வெயில் நேராகத் தொடையில் விழுகிறது, எதிர் சீட்டில் நிழல் இருக்கிறது, மாறி உட்காரலாம், உட்காரவில்லை. திருநின்றவூருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. அதற்குள் ஒரு வாக்கியம் தயார் செய்தாக வேண்டும். கசடு என்கிற ஹெவி மெட்டல் குழுவின் பாடகன் தணிகைவேல், அதாவது நான், மைக்கைக் கையில் கொடுத்தால் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்துகிறவன், பாட்டெல்லாம் அவனே எழுதுகிறவன், அவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. எபி, இந்த டூருக்கு மட்டும் வேற ஒருத்தர் டிரம்ஸ் வாசிக்கட்டும்னு நாங்க முடிவு பண்ணியிருக்கோம். இது ஆகஸ்ட்டில் போகிற ஐரோப்பா டூருக்காகப் பிரணவ் சொல்லிக்கொடுத்த வாக்கியம். பிரணவ் பெங்களூரில் இருந்துகொண்டு எங்கள் நிகழ்ச்சிகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற மேனேஜர், எதையும் வலிக்காமல் சொல்லத் தெரிந்தவன். இந்த டூருக்கு மட்டும் என்பது பொய். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எபிக்கு இன்னும் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பொய்கூடப் பரவாயில்லை, அந்த நாங்க. அதில்தான் ஒவ்வொரு தடவையும் போய் மாட்டிக்கொள்கிறேன். நாங்க என்று சொன்னால் எதிரில் நிற்கிறவன் அதில் இல்லை. நாம என்றால்தான் அவனும் உண்டு. பதினோரு வருஷமாக நாம தான். நாம ஏழு மணிக்கு வந்துடணும், நாம அந்த கிடார் ஆம்ப்ப வாங்கிடலாம், நாம எப்பதான்டா மேல வரப்போறோம். இன்றைக்கு அவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு முதல் தடவையாக அவனிடம் நாங்க என்று சொல்லப் போகிறேன், அந்த ஒரு சொல் மாறும்போதே அவன் வெளியே போய்விடுவான், மீதி வாக்கியமே தேவைப்படாது. முடிவு பண்ணியாச்சு என்று சொல்லிப் பார்க்கலாம். யார் பண்ணியது என்று அதில் இல்லை. தானாக ஆனது மாதிரி, மழை பெய்தது மாதிரி. ஆனால் எபி கேட்பான். யார்டா பண்ணது என்று கேட்பான், சிரித்துக்கொண்டே கேட்பான். நானும் ஷர்புதீனும். குழுவிலேயே மூன்று பேர்தான், மூன்றில் அவனைக் கழித்தால் கிடாரிஸ்ட் ஷர்புவும் நானும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை ஷர்புவுடைய மோட்டார் ரீவைண்டிங் கடையில் உட்கார்ந்திருந்தோம், செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தோம். "ப்ரோ, ஓப்பனா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் பிரணவ். "உங்க லைவ் ரெக்கார்டிங்க கிளிக் கூட வெச்சுப் பாத்தேன். முதல் இருபத்தஞ்சு நிமிஷம் எபி ப்ரோ மாதிரி இந்தியாவுலயே ஆள் கிடையாது. அதுக்கப்புறம் இழுக்குது. நிமிஷத்துக்கு இருநூத்திப் பத்து அடில இருக்க வேண்டியது நூத்தித் தொண்ணூறுக்கு எறங்கிடுது. அங்க உங்களுக்குக் குடுத்திருக்கறது அம்பது நிமிஷம்." கிளிக் என்பது காதுக்குள் டிக் டிக் என்று ஓடுகிற தாளக் கணக்கு, அது யாருக்காகவும் நிற்காது. ஷர்பு என்னைப் பார்த்தான். நான் செம்புக் கம்பியைப் பார்த்தேன். ஃபோனில் பிரணவ் காத்திருந்தான். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் அவன், "சரி ப்ரோ, புரியுது, கஷ்டம்தான், நான் ஆள் பாத்துடறேன்," என்றான். நாங்கள் எதுவுமே சொல்லவில்லை. அந்த எதுவும் சொல்லாததைத்தான் அவன் எடுத்துக்கொண்டு போனான். பிறகு ஷர்பு சொன்னான், "நான் சரின்னு சொல்லலடா." சொல்லவில்லைதான். "வேணாம்னும் சொல்லல," என்று அவனே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்.

திருமுல்லைவாயில். இரண்டு பெண்கள் ஏறுகிறார்கள், ஒருத்தி மடியில் முருங்கைக்கீரைக் கட்டு. இந்த ரயில் ஓட்டத்தில் தாளம் இருக்கிறது என்று ஒருமுறை நான் சொன்னதற்கு எபி விழுந்து விழுந்து சிரித்தான். "தாளமா, எங்க இருக்கு? அப்ப தண்டவாளத்துக்கு நடுவுல கேப் இருந்துச்சு, டடக் டடக்னு வந்துச்சு. இப்ப எல்லாத்தையும் ஒட்டவெச்சுட்டான். வெறும் இரைச்சல்டா இது." காதைக் கொடுத்துக் கேட்கிறேன், வெறும் இரைச்சல்தான். அவன் சொன்ன பிறகு எனக்கு எந்தச் சத்தமும் பழையபடி கேட்டதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஷாப்பில் நானும் எபியும் சேர்ந்த வருஷம், எனக்கு இருபத்தொன்று, அவனுக்கு இருபத்திரண்டு, தகட்டை உள்ளே வைக்கணும், கையை எடுக்கணும், பெடலை மிதிக்கணும், மேலிருந்து பிரஸ் இறங்கும், ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் தடவை. கையை எடுக்க மறந்தவர்கள் அந்த ஷாப்பில் ஏழு பேர் இருந்தார்கள், ஏழு பேரும் டீயைக் கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில்தான் பிடிப்பார்கள். பக்கத்து மெஷின்காரன் தூங்கி விழுவது தெரிந்தால் எல்லோரும் ஒரே குரலில் கத்துவோம், கை எடு. அந்தச் சத்தத்துக்குள் எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது. எபி சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து வைத்து விரலால் தட்டிக் காட்டினான். "அஞ்சாம் மெஷின் ஒரு கணக்குல ஓடுது, எட்டாம் மெஷின் வேற கணக்குல ஓடுது, பதினாலாவது அடில ரெண்டும் ஒண்ணா விழும், கேளு." கேட்டது. விழுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று பேட்டிகளில் சொல்கிறேன், நான் சொல்கிறேன், எபி பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். பேட்டி எடுக்கிறவர்கள் பாடுகிறவனைத்தான் பார்ப்பார்கள்.

அவன் டிரம்ஸ் படித்தது சபையில். பட்டாபிராமில் ஷீட் போட்ட ஒரு ஜெப வீடு, ஒன்பது வயதிலிருந்து ஆராதனைக்கு வாசித்தவன். பெயரே எபநேசர். நாங்கள் முதல் பாட்டை இணையத்தில் ஏற்றின மறுவாரம் பாஸ்டர் அவனைக் கூப்பிட்டு ஃபோனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார், என் உறுமலை அரை நிமிஷம் ஓடவிட்டிருக்கிறார். "இது யாரோட சத்தம்னு உனக்குத் தெரியுதா தம்பி?" "தெரியும் பாஸ்டர், தணிகையோட சத்தம்." இதை எபி எங்களிடம் சொன்னபோது ஷர்பு தரையில் உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் சபைக்குள் போகவில்லை என்பதை நான் கவனிக்கவே ஒரு வருஷம் ஆனது. ஜாய்ஸ், அவன் மனைவி, அதே சபைப் பெண், ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் உள்ளே போவாள், இவன் வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று உள்ளே வாசிக்கிறவன் எங்கெங்கே தப்புகிறான் என்று எண்ணிக்கொண்டிருப்பான். அதை வேடிக்கையாகத்தான் சொல்வான். எல்லாவற்றையும் வேடிக்கையாகத்தான் சொல்வான், அதனால் எது வலித்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இன்றுவரை தெரியாது. அதை நான் எனக்கு வசதியாக வைத்துக்கொண்டேன். முதல் மேடை ஒரு இன்ஜினியரிங் காலேஜ் கல்சுரல்ஸ், இரண்டாவது பாட்டிலேயே தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது, குத்துப்பாட்டு போடுங்கடா என்று கத்தினார்கள், மூன்றாவது பாட்டில் கரண்ட்டையே பிடுங்கிவிட்டார்கள். மைக் செத்தது, கிடார் செத்தது. டிரம்ஸுக்கு எதற்குக் கரண்ட்டு, எபி நிறுத்தவில்லை. தனியாக ஏழு நிமிஷம் வாசித்தான். கத்தினவர்கள் அடங்கி, பிறகு ஒருத்தன் கை தட்ட ஆரம்பித்து, பிறகு மைதானமே தட்டியது. எங்களுக்கு விழுந்த முதல் கைத்தட்டல் அது. எங்களுக்கு என்று எப்படிச் சொல்கிறேன். எனக்கும் ஷர்புவுக்கும் அன்றைக்கு மேடையில் நிற்பதைத் தவிர வேறு வேலையே இல்லை.

அண்ணனூர். ஃபோன் அடிக்கிறது, ஷர்பு. எடுக்காமல் விட்டால் திரும்ப அடிப்பான். "சொல்லிட்டியா?" "இன்னும் ட்ரெயின்லதான்டா இருக்கேன்." "ஓ." பின்னால் கடையில் ஏதோ மோட்டார் சுற்றுகிறது, அதை ஷர்பு அணைக்கிறான். "தணிகை, ஒண்ணு யோசிச்சேன். அவன் செட்டைக் கொறச்சுக்கலாம்ல? இருபத்தஞ்சு நிமிஷம் அவன் வாசிக்கட்டும், மீதிய…" "மீதிய?" மீதியை யார் வாசிப்பது, நடுவில் எழுந்து இன்னொருத்தனுக்கு இடம் விடச் சொல்வதா, ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊரில், பதினைந்தாயிரம் பேர் முன்னால். "இத நீ அன்னைக்கே பிரணவ்கிட்ட சொல்லியிருக்கணும்," என்கிறேன். "நீ சொல்லியிருக்கணும், நீதான அவனோட ஃப்ரெண்டு," என்கிறான். "நீ யாரு?" என்கிறேன். "நானும் வந்திருக்கணும்டா," என்கிறான் ஷர்பு, "கடைல ஆள் இல்ல." கடையில் அவன் தம்பி இருக்கிறான், அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். "சரி வை," என்கிறேன்.

ஆவடியில் கொஞ்சம் கூட்டம் ஏறுகிறது. எனக்கு நேர் எதிரில் ஒரு காலேஜ் பெண் வந்து உட்காருகிறாள், கறுப்பு டி-ஷர்ட், அதில் வெள்ளையில் ஒரு பிரஸ், கீழே ஐந்து விரல், மேலே கசடு. எங்கள் டி-ஷர்ட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒன்றை ரயிலில் பார்த்திருந்தால் எழுந்து கும்பிட்டிருப்பேன். இந்தோனேசியாவில் ஒருத்தன் எங்கள் பெயரைத் தோளில் தமிழிலேயே பச்சை குத்திக்கொண்டு படம் அனுப்பினபோது, ச-வுக்கும் டு-வுக்கும் நடுவில் இடம் விட்டுவிட்டான் என்று எபி ஒரு வாரம் வருத்தப்பட்டான். அந்தப் பெண் என்னைப் பார்க்கிறாள், என் முகத்தைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். தெரியவில்லை. தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்து, அண்ணா எங்க போறீங்க என்று கேட்டால் என்ன சொல்வேன். அந்தப் படம் வரைந்தது கை எடு பாட்டுக்காக. எங்களை மேலே கொண்டுவந்தது அந்த ஒரு பாட்டுதான், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது. பெங்களூரில் நாலாயிரம் பேர், தமிழ் தெரியாதவர்கள் பாதிக்கு மேல், முஷ்டியைத் தூக்கிக்கொண்டு கை எடு கை எடு என்று கத்தினார்கள், விரல் போனவனின் பயத்தைத் திருவிழா மாதிரி கத்தினார்கள், நான் அவர்களை இன்னும் கத்தச் சொன்னேன். அந்தப் பாட்டில் என் குரலைப் பதிந்த சாயங்காலம் எனக்கு இரண்டாம் ஷிப்ட். வடபழனியில் தெரிந்த ஒருவர் ஸ்டுடியோவை அன்றைக்கு ஒரு நாள் தருகிறேன் என்றார், எபியின் டிரம்ஸும் ஷர்புவின் கிடாரும் முன்னமே பதிந்தாகிவிட்டது, என் குரல்தான் பாக்கி. லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எபி முதல் ஷிப்ட் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தான். "நீ போடா. உன் மெஷின நான் பாத்துக்கறேன்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சோப்பு நுரையோடு கையை ஆட்டினான், போ போ என்று.

இதற்கு மேல் யோசிக்கக் கூடாது. யோசிப்பேன், ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து நின்று யோசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு யோசிப்பேன். ஐந்தரை மணிக்கு என் மெஷினில் டை மாற்றியிருக்கிறார்கள். டை என்பது தகட்டை வெட்டுகிற அச்சு, எண்பது கிலோ இருக்கும், சங்கிலியில் தூக்கி இறக்க வேண்டும். சங்கிலி நழுவியது. எபியின் வலது கால், கணுக்காலுக்குக் கீழே. அந்த நேரம் நான் கண்ணாடி அறைக்குள் நின்று கை எடு என்று கத்திக்கொண்டிருந்தேன். ஃபோன் ஸ்டூல் மேல் இருந்தது, சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தார்கள், வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், ஜாய்ஸிடம் சொன்னேன், ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவனிடமும் சொன்னேன். வெளியே வந்த பிறகு பார்க்கவில்லை. நாலாவது தடவை வெளிச்சம் வந்தபோதே பார்த்தேன். ஷாப் நம்பர் என்று தெரிந்தது. ஷாப்பிலிருந்து யாரும் சும்மா கூப்பிட மாட்டார்கள். அப்போது குரல் அப்படி ஒரு இடத்தில் நின்றது, அதுவரை எனக்கு வராத இடம், இப்போது விட்டால் திரும்ப வராது என்று தெரிந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் இன்னொரு தடவை போகலாம் சார் என்று விரலைக் காட்டினேன். அந்த இன்னொரு தடவைதான் பாட்டில் இருக்கிறது. அதில் ஒரு உண்மை இருக்கிறது என்று எழுதினார்கள். அந்த அலறலைக் கேட்டு அழுததாக எத்தனை பேர் எழுதினார்கள். உடனே போயிருந்தால் மட்டும் கால் பிழைத்திருக்குமா, பிழைத்திருக்காது, எலும்பு அப்போதே போய்விட்டது, தகடு வைத்து ஆறு திருகாணி போட்டார்கள், நாலு மாதத்தில் நடந்தான், ஆறாவது மாதம் டிரம்ஸில் உட்கார்ந்தான், பெரிய டிரம்மின் பெடலை மிதிக்கிற கால் அதுதான், கொஞ்ச நேரம் போனால் மரத்துவிடும். யார் போயிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். இதைக் கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு எத்தனையோ தடவை விடுதலை ஆகியிருக்கிறேன். மறுநாள் காலையில் திரும்ப உள்ளேதான் இருப்பேன்.

இந்து காலேஜ் ஸ்டேஷனில் அந்தப் பெண் இறங்கிவிட்டாள். முதுகில் எங்கள் மூன்று பேர் பெயரும் சின்னதாக இருக்கிறது, எபநேசர் என்பது முடிக்குக் கீழே மறைந்து மறைந்து தெரிகிறது. இனி அச்சடிக்கும்போது அதை எடுத்துவிடுவார்களா. பிரணவிடம் கேட்க வேண்டும், கேட்க மாட்டேன். தொண்டையில் காலையிலிருந்து ஒரு கரகரப்பு, விழுங்கினால் இடிக்கிறது. முப்பத்திரண்டு வயது. இந்தக் குரல் இன்னும் எத்தனை வருஷம். ஒரு நாள் என் குரலையும் ஏதோ ஒரு அளவுகோலில் வைத்துப் பார்ப்பார்கள், இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் இழுக்குது ப்ரோ என்பார்கள், ஷர்பு செம்புக் கம்பியைப் பார்ப்பான், பிறகு ஒருத்தர் ரயிலேறி என் வீட்டுக்கு வருவார். அது நியாயம் என்று தோன்றுகிறது, ஆனால் வேண்டாம், எனக்கு வேண்டாம். பட்டாபிராம் போய்விட்டது. எப்போது போனது. இப்படிச் செய்யலாம், பிரணவைக் கூப்பிட்டு, எபி இல்லாமல் நான் வரவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும், அந்த மேடை போகும், அடுத்தது போகும், மூன்று பேரும் ஷர்பு கடையில் உட்கார்ந்திருப்போம், எபி சிரிப்பான், விடுறா என்பான். நன்றாகத்தான் இருக்கும். ஃபோனைக் கையில் எடுக்கிறேன், பிரணவ் பெயர் வரைக்கும் போகிறேன், கட்டை விரல் மேலே நிற்கிறது. நெமிலிச்சேரி. கதவோரம் ஒருவர் வெள்ளரிக்காய்த் துண்டில் மிளகாய்ப்பொடி தடவிச் சாப்பிடுகிறார், அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபோன் திரை தானாக அணைந்துவிட்டது. இதுவும் நான் பண்ணியது இல்லை. தானாக.

திருநின்றவூரில் இறங்கி நடந்தேன். பத்து நிமிஷ நடை, இரண்டு தடவை நின்றேன். மாடி வீடு, படியில் காயப்போட்ட துணியை விலக்கிக்கொண்டு ஏற வேண்டும். கதவு திறந்திருந்தது. மீன் குழம்பு கொதிக்கிற வாசனை. எபி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கணுக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனை இப்போது ஷாப்பிலேயே சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு மதிய ஷிப்ட், இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

"வாடா," என்றான். "வெயில்ல வந்திருக்க. ஜாய்ஸ், தணிகைக்குத் தண்ணி."

ஜாய்ஸ் சொம்பைக் கொடுத்து, வாங்கண்ணா, சாப்பிட்டுத்தான் போகணும், சங்கரா மீன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் தண்ணீரைக் குடித்தேன். குடித்து முடிக்கிறவரை பேச வேண்டியதில்லை என்று மெதுவாகக் குடித்தேன். சொம்பைக் கீழே வைத்தேன். "எபி," என்றேன்.

"அந்த பெங்களூர்காரன் போன வியாழக்கிழமையே ஃபோன் பண்ணிட்டான்டா," என்றான் அவன், எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே, சமையலறைக்குக் கேட்காத குரலில். "ரோஹனாம், புது டிரம்மர். பாவம், எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டான். கை எடு நடுவுல கணக்கு மாறுற எடம் புரியலையாம். ஒரு மணி நேரம் சொல்லிப் பாத்தேன், புடிபடல. அப்றம் ஷாப்புக்குப் போயி அஞ்சாம் மெஷினையும் எட்டாம் மெஷினையும் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பிச்சேன். மறுநாளே வாசிச்சுக் காட்டிட்டான். நல்லாத்தான் வாசிக்கறான்."

ரயிலில் தயார் செய்த வாக்கியம் இனித் தேவைப்படவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தக் காலைப் பார்த்தேன், தையல் போட்ட கோடு எண்ணெயில் மினுமினுத்தது.

"எப்ப முடிவாச்சு?"

"மூணு வாரம் ஆகுதுடா."

அவன் மனசுக்குள் பின்னால் எண்ணிக்கொண்டு போவது தெரிந்தது, தாளத்தை எண்ணுகிற அதே முகம். "அப்ப ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சனிக்கிழமை காலேஜ்ல வாசிச்சோமே, அதுக்கு முன்னாடியே."

"முன்னாடியே."

"அன்னைக்கு ஊசி போட்டுட்டு வந்தேன்டா. கால் மரத்துப் போவாம இருக்க ஒரு டாக்டர் போடுவாருன்னாங்க, காலைலயே போய் வரிசைல நின்னு போட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட காட்டணும்னு. நாப்பத்தஞ்சு நிமிஷம்." என்னை நிமிர்ந்து பார்த்தான். முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை. "எங்கயாவது இழுத்துச்சா? உண்மையச் சொல்லு."

"இல்லடா. ஒரு எடத்துலகூட இல்ல." அது உண்மை. மேடையில் நின்றுகொண்டிருந்தபோதே எனக்குத் தெரிந்தது. திரும்பி அவனைப் பார்த்தேன், தலையெல்லாம் வேர்வை தெறிக்க வாசித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் திரும்பி ஜனங்களைப் பார்த்துக்கொண்டேன்.

"அதான். நானும் அப்டித்தான் நெனச்சேன்," என்றான் எபி. வேட்டி நுனியால் விரல்களைத் துடைத்தான், ஒவ்வொரு விரலாக. பிறகு சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினான். "அவளுக்கு இன்னும் சொல்லல. நீ இருக்கறப்ப வேணாம். நீ போனப்புறம் நான் சொல்லிக்கறேன்."

நான் சொல்றேன்டா என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம் இருந்தது, ஒரு நிமிஷத்துக்கும் மேல் இருந்தது, உள்ளே தட்டு எடுக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகக் கழுத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போயிருந்தது. தோள் லேசாக இருந்தது. பசித்தது. எனக்கே நம்ப முடியாத மாதிரி பசித்தது. ஜாய்ஸ் இரண்டு தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள், நடுத்துண்டை எனக்கு வைத்தாள். முதல் கவளத்திலேயே கண் கலங்கியது, காரம் என்று அவள் நினைத்துத் தண்ணீரை நகர்த்தினாள். எபி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

"ஆகஸ்ட்டு மாசம் போற எடத்துல ரொம்பக் குளிருமாண்ணா? இவருகிட்ட கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. காலுக்குக் குளிர் ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, கம்பளி சாக்ஸ் பாத்து வெச்சிருக்கேன்."

எபி தலையைத் தூக்கவில்லை. அவன் விரல்கள் தட்டில் அப்படியே நின்றன. எனக்காகத்தான் காத்திருந்தான் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை.

"குளிரும்மா," என்றேன். "கனமா பாத்து எடு."

குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.